ஐந்து மணிக்குப் பிறகும் பகல்தான்

மாலை 5 மணிக்கு இழுகதவு இறங்கும். இரும்போடு இரும்பு உராய்ந்து, தரையைத் தொடும் இடத்தில் கனத்த ஓசை ஒன்று கேட்கும். அதற்குள் 11 குரங்குகளும் வெளி அடைப்பிலிருந்து உள்ளறைக்கு வந்திருக்கும். பராமரிப்பாளர் தலைகளை எண்ணுவார், இன்னொரு முறை எண்ணுவார், பூட்டைப் போடுவார். அந்தக் கதவு மறுபடி மேலேறுவது காலை 8 மணிக்கு. இடையில் 15 மணி நேரம்.

நான்கு மாதங்கள் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்த பிறகுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. ‘குரங்குகளின் ஒரு நாள்’ என்று தலைப்பிட்டு நான் நிரப்பிய தாள்கள் எல்லாமே காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிந்திருந்தன. எங்கள் வேலை நேரத்துக்குத்தான் அவற்றின் நாள் என்று பெயர் வைத்திருந்தேன்.

அது மீட்கப்பட்ட குரங்குகளுக்கான ஒரு காப்பகம். வாரத்தில் மூன்று நாட்கள் தன்னார்வலராகப் போய்வந்தேன். பெரிய அடைப்பில் இருந்தவை ஆய்வுக்கூட வாழ்க்கை முடிந்து வந்த செம்முகக் குரங்குகள், மக்காக்கு என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அடுத்த கட்டடத்தில், யார் யாரோ வீட்டில் செல்லமாக வளர்க்க ஆசைப்பட்டு, பிறகு முடியாமல் கொண்டுவந்து விட்ட மார்மோசெட் என்னும் மிகச் சிறிய குரங்குகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கிவிடும். தாழ்வாரத்தின் கடைசி அறையில் ஓர் இணை ஆந்தைக் குரங்குகள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். என் வேலை பெரும்பாலும் செம்முகக் குரங்குகளோடுதான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கும். அந்தக் கணத்தில் ஒவ்வொரு குரங்கும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, ஒரு குறியீடு எழுத வேண்டும். தின்கிறது, நடக்கிறது, பேன் பார்க்கிறது, பேன் பார்க்கத் தலையைக் கொடுத்திருக்கிறது, விளையாடுகிறது, ஓய்வெடுக்கிறது. இரண்டு ஒலிகளுக்கு நடுவே எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் தாளில் ஏறாது. முதல் வாரத்தில் எனக்கு இது பொறுக்கவில்லை. கண்ணெதிரே ஒன்று இன்னொன்றின் காதைக் கடிக்கிறது, நானோ பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கென்யாவின் அம்போசெலியில் பபூன்களை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், விலங்குகளைக் கவனித்துப் பதிவுசெய்யும் முறைகளைப் பற்றி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். விலங்கு நடத்தையைப் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணை இழுப்பதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஏடு முழுக்கச் சண்டையும் கூச்சலுமாக நிறைந்துவிடும். மூலையில் ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான், கடிகாரம் சொல்லும்போது, எல்லாவற்றையும், ஒரே அளவில் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்ந்த தாள்களை வரைபடமாக்கியபோது பகல் இரண்டு மேடுகளாகத் தெரிந்தது. காலையில் ஒன்று, நடுப்பகலில் பள்ளம், 3 மணிக்கு மேல் இன்னொன்று. காட்டில் வாழும் பகல்நேரக் குரங்குகள் பலவற்றின் நாளும் இந்த வடிவம்தான். வெயில் ஏறும்முன் இரை தேடும், உச்சிப்பொழுதில் நிழலில் ஒடுங்கும், பொழுது சாயும்முன் மறுபடி கிளம்பும். கூண்டுக்குள்ளும் காட்டின் தாளம் அழியாமல் இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன்.

அது பாதிதான் உண்மை. ஆள் பற்றாக்குறையால் மூன்று வாரங்கள் மாலைத் தீனியை 4 மணிக்குப் பதிலாக இரண்டரைக்குக் கொடுக்க வேண்டிவந்தது. முதல் வாரம் முடிவதற்குள் இரண்டாவது மேடு ஒன்றரை மணிக்கு நகர்ந்துவிட்டது. சூரியன் இருந்த இடத்தில் இருந்தது, தள்ளுவண்டிதான் நகர்ந்தது. காலை மேடு மட்டும் அசையவில்லை.

அந்த மாலை மேட்டுக்குள் என்ன இருந்தது என்பதை ஒரு குரங்கை வைத்துச் சொல்கிறேன். வாலறுந்தவள் என்று நாங்கள் அழைத்த மூத்த பெண். 20 வயதைத் தாண்டியவள். 3.20 மணி வாக்கில் மேல்தட்டிலிருந்து இறங்குவாள். மூட்டு வலி இருந்ததால் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவாள். கதவுக்கு இடப்பக்கம், சுவரும் கம்பியும் சேரும் மூலையில் போய் உட்காருவாள். முதலில் இடது முன்கையைச் சொறிவாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, நீளமாக, நான்கு ஐந்து முறை. பிறகு ஒரு பெரிய கொட்டாவி. குரங்கின் கொட்டாவிக்குத் தூக்கம் மட்டும் காரணமில்லை, பதற்றத்திலும் அது வரும். பிறகு தாழ்வாரத்துப் பக்கம் காதைக் கொடுத்தபடி அசையாமல் இருப்பாள். தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கிறீச்சிடும். அந்த ஓசை எனக்கு எட்டுவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டிருப்பாள்.

அந்தச் சக்கரம் ஒரு நாளில் ஆறு முறை கிறீச்சிட்டுக்கொண்டு அந்த வழியாகப் போகும். அதில் இரண்டு முறைதான் அவளுக்கானது. மற்ற நான்கு முறையும் அவள் எழுந்து நின்று, வண்டி தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்து கையைச் சொறிவாள். இதை எண்ணிப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஒருநாள் வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. 4 மணி தாண்டியதும் இளைய ஆண் ஒன்று பக்கத்திலிருந்ததைத் துரத்தியது. துரத்தப்பட்டது தன்னிலும் சிறியதைத் தேடிப் போய்த் துரத்தியது. அந்த மூலையில் இருந்தவளின் கையில் மயிர் விலகித் தோல் சிவந்திருந்தது. வண்டி வந்ததும் கைக்கு எட்டியதைக் கன்னப்பைகளில் திணித்துக்கொண்டு, மெல்லாமலே, படிப்படியாக மேலே ஏறிப் போனாள்.

நான் கண்டது ஒரு நாள் நிகழ்ச்சி. 2001இல் வெய்ட், புகானன்-ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கட்டைவால் மக்காக்குகளிடம் இதை முறையாக அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். தீனி வழக்கமான நேரத்தைத் தாண்டத் தாண்ட, தன்னைத்தானே சொறிந்துகொள்வதும், ஒன்றும் செய்யாமல் கிடப்பதும், இயல்புக்கு மாறான நடத்தைகளும் கூடின. நேரம் தவறாமல் கொடுத்துப் பழக்கியவர்கள் நாமே. அப்படியிருக்க நாம் தவறும் ஒவ்வொரு நாளும் அதன் விலையை அவை உடம்பால் கொடுக்கின்றன.

அப்படியானால் தீனி நேரத்தைத் தினமும் மாற்றிவிடலாமே, எதிர்பார்ப்பே உண்டாகாதே என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதில் நியாயம் உண்டு. காட்டில் எந்த மரமும் மணி பார்த்துப் பழுப்பதில்லை. ஆனால் காட்டுக் குரங்கு மரத்தைத் தேடிப் போகலாம், பழுத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த மரத்துக்குத் தாவலாம். கூண்டில் இருப்பதற்கு அந்த வழி கிடையாது. கதவு திறக்கும் வரை காத்திருப்பது ஒன்றுதான் அதனால் ஆவது. அதனால் என் கருத்து இப்படி: நேரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம், அறிகுறி மட்டும் பொய்க்கக் கூடாது. ஒரு காட்சிச்சாலையின் கப்புச்சின் குரங்குகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், உள்ளே நுழையும்முன் கதவைத் தட்டுவது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். தட்டினால் ஆள் வருவார், தட்டாவிட்டால் வரமாட்டார். அவ்வளவுதான். அதிலேயே அவற்றின் பதற்றம் குறைந்தது.

எங்கள் இடத்தில் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டோம். தீனி உண்மையில் வரும்போது மட்டும் ஒரு சிறிய மணியை அடித்தோம். மூன்றாவது வாரத்தில் வாலறுந்தவள் மணி அடித்த பிறகே மேல்தட்டிலிருந்து இறங்கத் தொடங்கினாள்.

தீனி நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, தின்னும் நேரம் எவ்வளவு? காட்டு மக்காக்குக்கு இரை தேடுவதும் தின்பதும் பகலின் பல மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் வேலை. எங்கள் தட்டில் வைத்தது எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் கைகளுக்கு வேலை இல்லை. 1982இல் சமோவும் ஆண்டர்சனும் வேறு சிலரும் எட்டு இனங்களின் அடைப்புகளில் மரச்சீவலைத் தடிமனாகப் பரப்பி, அதற்குள் தானியத்தைத் தூவிப் பார்த்தார்கள். குரங்குகள் தரையில் உட்கார்ந்து விரலால் கிளறித் தேடுவதிலேயே நேரத்தைக் கழித்தன, சண்டைகள் குறைந்தன. அழுக்கு சேருமே என்று பயந்ததற்கு மாறாக, சில காலம் பயன்பட்ட சீவலில் நோய்க்கிருமிகள் பெருகுவது கட்டுப்பட்டிருந்ததையும் கண்டார்கள். இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு பழையது என்று அறிந்தபோது, வெறும் சிமெண்ட் தரையில் அமர்ந்து நான் பார்த்த பிற்பகல்கள் எல்லாம் நினைவுக்கு வந்து மனம் கனத்தது.

ஓய்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குரங்கு என்றால் ஓயாமல் குதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அசையாமல் இருந்தால் அதற்கு உடம்பு சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் ஊளைக் குரங்கு பகலில் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது. இலை தின்று வாழ்கிறவற்றுக்கு அதுதான் ஆரோக்கியம், செரிக்க அவ்வளவு நேரம் வேண்டும். ஆகவே ஓய்வு என்பதை வைத்தே எதையும் சொல்லிவிட முடியாது.

என் தாளில் ‘ஓய்வு’ என்று ஒரே குறியீடுதான் இருந்தது. ஒருநாள் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் அதை எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தேன். முதல் வரிக்குரிய குரங்கு இன்னொன்றின் மடியில் தலை வைத்து, வாய் லேசாகத் திறந்து, கீழுதடு தொங்கக் கிடந்தது. இரண்டாவது வரிக்குரியது சுவரைப் பார்த்து முதுகைக் கூனி, தன் பாதத்தைத் தானே பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே எழுத்து. அன்றே அந்தக் குறியீட்டை இரண்டாகப் பிரித்தேன்: ‘ஓய்வு, துணையோடு’, ‘ஓய்வு, தனித்து’. நான் அங்கே செய்த உருப்படியான காரியங்களில் ஒன்றாக இதை இன்றும் நினைக்கிறேன்.

காலை மேடு அசையாததற்குக் காரணம் மூளைக்குள் இருக்கிறது. இரு கண்களின் நரம்புகளும் குறுக்காகக் கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், இரண்டு சிறிய செல்கூட்டங்கள் உள்ளன. அவற்றை அழித்தால் உடலின் நாள் தாளம் குலைந்துவிடுகிறது என்பதை 1972இல் எலிகளிடம் கண்டறிந்தார்கள். இந்த உடல் கடிகாரம் துல்லியமாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. மனிதர்களிடம் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் அளந்தார்கள். மார்மோசெட்டுகளிடம் அது 24 மணிக்கும் குறைவு. தினமும் இதைத் திருத்தி உலகத்தோடு சேர்த்துவைப்பது ஒளி, அதிலும் விடியலிலும் அந்தியிலும் வரும் ஒளி. விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளிதான் அவற்றை அதிகம் தூண்டும். ஆகவே கூண்டில் உள்ள குரங்குக்கு இரண்டு சூரியன்கள். ஒன்று சன்னலில் வருவது, இன்னொன்று நாம் பொத்தானை அழுத்தும்போது வருவது.

மார்மோசெட் அறையில் இருந்தது இரண்டாவது சூரியன் மட்டும். மாலை 6 மணிக்கு விளக்கு ஒரே நொடியில் அணையும். இந்தச் சிறிய குரங்குகள் இயல்பிலேயே சீக்கிரம் படுக்கப் போகிறவை. பொழுது இருக்கும்போதே உறங்கும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடங்கிவிடும். ஆனால் எங்கள் அறையில் அந்தி என்பதே இல்லாததால், அணையும் நேரத்தில் ஒன்றிரண்டு கிளையின் நடுவில் மாட்டிக்கொள்ளும். இருட்டில் மெல்லிய கீச்சொலி கேட்கும். கூட்டுப்பெட்டிக்குள் இருந்து பதில் ஒலி வரும். குரலைப் பிடித்துத் தடவித் தடவி அது வீடு போய்ச் சேரும். விளக்கை அரை மணி நேரத்தில் சிறுகச் சிறுக மங்கச்செய்யும் கருவி ஒன்றைப் பொருத்திய அன்று, முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் இன்னும் ஒரு படி மேலே போனதை எழுதியிருக்கிறார்கள். கூடுதல் விளக்கு ஒன்றைத் தாமே இயக்கிக்கொள்ளும் வசதியை மார்மோசெட்டுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அந்த வசதி கிடைத்தவை அமைதியாகியிருக்கின்றன.

இனி அந்த 15 மணி நேரம். செம்முகக் குரங்குகளின் உள்ளறையில் அகச்சிவப்புக் கேமரா ஒன்றை வைக்க நான் கேட்டு, நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 8 மணி வரை வெளிச்சம் இருக்கும் நீள்பகல் கோடைக்காலம் அது. இரவைப் பார்க்கலாம் என்றுதான் வைத்தேன். ஆனால் பதிவின் முதல் மூன்று மணி நேரம் முழுக்கப் பகலாக இருந்தது.

5 மணிக்குக் கதவு இறங்குகிறது. உயரத்தில் இருக்கும் ஒரே சன்னல் வழியாக வெயில் சாய்ந்து எதிர்ச்சுவரில் நீள்சதுரமாக விழுகிறது. முதலில் இரண்டு குரங்குகள் அந்த இடத்துக்குப் போய் உட்காருகின்றன, பிறகு நான்கு, பிறகு ஏழு. வெயில் நகர்கிறது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாண், இரு சாண் தள்ளி உட்காருகின்றன. முதிர்ந்த ஆண் எப்போதும் நடுவில். வாலறுந்தவள் ஓரத்தில், முதுகில் மட்டும் வெயில் படும்படி. இப்படியே சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகின்றன. தின்ன ஒன்றும் இல்லை, கிளற ஒன்றும் இல்லை. எங்கள் நாள் முடிந்துவிட்டது, அவற்றின் நாளில் இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம் இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் போய்விட்ட ஒவ்வொரு கோடை மாலையிலும் இது நடந்திருக்கிறது. அந்தப் பதிவை நான் இரண்டாவது முறை முழுதாகப் பார்க்கவில்லை. முடியவில்லை.

பிறகு இருட்டியது. மக்காக்குகளின் பிட்டத்தில் காய்த்த தடித்த தோல் உண்டு, அதன் மேல் உட்கார்ந்தபடியே அவற்றால் உறங்க முடியும். தட்டில் வரிசையாக, ஒன்றை ஒன்று அணைத்து, முகத்தை அடுத்ததன் தோளில் புதைத்து அமர்ந்தன. உறக்கம் ஒரே ஓட்டமாக இல்லை. ஒன்று விழிக்கும், இடம் மாறும், அதனால் பக்கத்திலிருப்பதும் விழிக்கும். காது கிழிந்த ஒரு சிறிய ஆண் அந்த ஓர் இரவில் ஐந்து முறை இடத்தைவிட்டு விரட்டப்பட்டது. கடைசியில் தாழ்வாரத்துக் கம்பி ஓரம் தனியாக உட்கார்ந்தது. அங்கேதான் இரவு முழுவதும் எரியும் வெள்ளை விளக்கின் வெளிச்சம் நேராக விழும். பகலில் அதை நாங்கள் ‘சோம்பேறி’ என்று அழைத்துக்கொண்டிருந்தோம். என் தாள்களில் அதன் வரி முழுக்க ஓய்வு, ஓய்வு, ஓய்வு. அந்தப் பெயரை அன்றோடு விட்டோம்.

ஆந்தைக் குரங்குகள் இதற்கு நேர் எதிர். குரங்குகளில் இரவில் நடமாடும் பேரினம் இது ஒன்றுதான். அர்ஜென்டினாவின் ஃபோர்மோசா மாகாணத்தில் இவற்றின் ஓர் இனத்துக்கு அசைவை அளக்கும் கழுத்துப்பட்டை மாட்டி மாதக்கணக்கில் பதிவெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். நிலவுள்ள இரவில் நடமாட்டம் கூடும், அமாவாசை இருட்டில் அடங்கிப்போகும். சந்திர கிரகணத்தின்போதும் அடங்கியது. அந்த இனம் பகலிலும் ஓரளவு இயங்கும். எங்கள் அறையில் இருந்த இணைக்குப் பகலை மங்கிய ஒளியால் இரவாகத் திருப்பி வைத்திருந்தார்கள், நாம் விழித்திருக்கும் நேரத்தில் அவையும் விழித்திருக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெருக்கித் துடைக்க வருகிறவர் காலை 9 மணிக்குப் பெரிய விளக்கைப் போட்டுவிடுவார். அவற்றுக்கு அது நள்ளிரவில் கண்ணில் டார்ச் அடிப்பது போல. சுவரில் ஒரு காகிதம் ஒட்டியதோடு அது நின்றது. பல சிக்கல்கள் இப்படித்தான், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாரும் கவனித்துச் சொல்லவும் இல்லை.

கேமராப் பதிவில் அந்த வெயில் நகரும் பகுதியை மட்டும் வெட்டி, பராமரிப்பாளர்கள் கூடும் நேரத்தில் போட்டுக் காட்டினேன். யாரும் வாதாடவில்லை. மூத்த பராமரிப்பாளர் மட்டும், “எனக்கும் தெரியாமல் போயிற்றே” என்றார். 22 ஆண்டுகளாக அந்தப் பூட்டைப் போட்டவர் அவர். பகல் நீளமான மாதங்களில் ஒருவர் தாமதமாக வந்து 7 மணி வரை இருப்பது என்று முடிவாயிற்று. தலை எண்ணும் வேலை அவருடையது. தாழ்வாரத்து வெள்ளை விளக்கை மாற்றி மங்கிய சிவப்பு விளக்கைப் போட்டோம். செம்முகக் குரங்குக்குச் சிவப்பு நம்மைப் போலவே தெரியும், அதனால் அதற்கு அது இருட்டு ஆகிவிடாது. ஆனால் உடல் கடிகாரத்தைக் கலைப்பது வெகுவாகக் குறையும். வெளி அடைப்பில் மரச்சீவல் கொட்டி, 5 மணிக்குக் கடைசியாக ஒரு கைப்பிடி தானியம் தூவினோம்.

முதல் மாலை நானும் இருந்தேன். 5 மணி ஆனதும் பழக்கத்தால் நான்கு குரங்குகள் கதவருகே போய் நின்றன. கதவு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன, பிறகு ஒன்று திரும்பி வந்து சீவலைக் கிளறத் தொடங்கியது. காது கிழிந்தவன் அடைப்பின் கோடிக்குப் போய், இதுவரை அந்த நேரத்தில் அவன் பார்த்தேயிராத தாழ்ந்த வெயிலில் உட்கார்ந்தான். வாலறுந்தவள் வெளி மேடையின் இரண்டாவது தட்டுவரை ஏறினாள், அதற்கு மேல் மூட்டு இடம்கொடுக்கவில்லை. இளையவள் ஒருத்தி பின்னாலேயே ஏறி வந்து, அவள் முதுகு மயிரை விலக்கிப் பேன் பார்க்க உட்கார்ந்தாள்.

என் தாளில் 5 மணிக்குப் பிறகு கட்டங்களே இல்லை. அளவுகோலை வைத்து 7 மணி வரை கோடு போட்டேன். கடிகாரம் 6.50க்கு ஒலித்தபோது பேன் பார்த்தவள் அவள் மேலேயே சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வாலறுந்தவளின் வரியில் எழுதினேன்: ஓய்வு, துணையோடு.